மூன்று நாள் கொட்டில்

உருத்திரபுரத்துக்கு நான் போனது சனங்களைத் திருத்துவதற்காக. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று இருபது வயது; சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் சபை ஓகஸ்ட் விடுமுறைக்கு மாணவிகளை இரண்டிரண்டு பேராக வன்னியின் குடியேற்றக் கிராமங்களுக்கு ஊழியப் பயிற்சிக்கு அனுப்பியது. ஆறு கிழமை தங்கிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும், தாய்மாருக்குச் சுகாதாரமும் தையலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சமயம் மாற்றும் பேச்சை நாங்களாக எடுக்கக்கூடாது என்பது கண்டிப்பான கட்டளை.

ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு சிங்களப் பெண் சோடி. ஒரே கூரையின் கீழ் இருந்து பழகட்டும் என்று சபைப் பெரியவர்கள் நினைத்தார்கள். எனக்கு வாய்த்தவள் தெற்கே காலி நகர்ப் பக்கத்துக்காரி. அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, எனக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. ஆகவே ஆங்கிலத்தில் சண்டை பிடித்தோம். சண்டை ஓய்ந்து முதல் கிழமையிலேயே சிநேகிதிகள் ஆகிவிட்டோம்.

எங்களை மேற்பார்வை செய்தவர் ஓர் இங்கிலாந்துப் பெண்மணி. தாதி வேலை படித்தவர், ஐம்பதைத் தாண்டியவர், மணம் முடிக்காதவர். ஊரார் அவரை மிசியம்மா என்றார்கள். பரந்தனில் ஓர் அறை எடுத்து இருந்துகொண்டு, மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் கிராமம் கிராமமாகச் சுற்றுவார். பரமண்டல ஜெபத்தைத் தமிழில் தடக்குப்படாமல் சொல்வார். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. அவர் வாய் திறந்தால் தமிழாக்குவது என் வேலை.

கிராம முன்னேற்றச் சங்கக் காரியதரிசியின் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். தீவுப்பகுதியிலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய சைவக் குடும்பம். அவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டோம். அண்ணை பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்கிற மனிதர். அக்காவுக்கு நான்கு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஏழு வயது. சேவல் கூவமுதல் எழும்பினால், கிணறு, அடுப்பு, மாடு, வயலுக்குச் சாப்பாடு, அவித்த நெல், பிள்ளைகளின் தலை என்று அவர் நின்று நான் பார்த்ததில்லை. கதைக்கும்போதும் ஏதாவது ஒன்றைப் புடைத்துக்கொண்டோ அரித்துக்கொண்டோதான் கதைப்பார்.

நாங்கள் போன அந்த முதல் கிழமையிலேயே ஒருநாள் காலை குசினிக்குள் ஒரே புகை. உள்ளே இருமிக்கொண்டு நின்றவர் அண்ணை. அக்காவைத் தேடினேன். வேலியோரம் கிடுகு வேய்ந்த சின்னக் கொட்டிலுக்குள் இருந்தார். மாதத் துடக்கு. மூன்று நாளைக்கு வீட்டுக்குள் வரமாட்டார், ஒன்றையும் தொடமாட்டார், அவரையும் ஒருவரும் தொடமாட்டார்கள்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. ஒரு மனுஷியை மாட்டைப் போல ஒதுக்கிக் கட்டிவைத்திருக்கிறார்களே என்று கொட்டில் வாசலில் போய்க் குந்தி, கடவுள் படைத்த உடம்பில் அழுக்கு இல்லை, துடக்கு என்று ஒன்று கிடையாது, இதெல்லாம் மனிதர் கட்டிய கதை என்று மூச்சுவிடாமல் பிரசங்கம் செய்தேன். அக்கா வெற்றிலையை மடித்தபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் படிச்சனீங்கள் தங்கச்சி, சரியாத்தான் இருக்கும். துடக்கு இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. எனக்குப் படுக்கவேணும்."

"படுக்கவோ?" என்றேன்.

"ஊரிலை எண்டால் மாமி இருந்தவா, மச்சாள்மார் இருந்தவை. ஒருத்தி இல்லாட்டி ஒருத்தி அடுப்படியிலை நிப்பினம். இஞ்சை ஆர் இருக்கினம்? காய்ச்சல் எண்டாலும் நான்தான் எழும்பவேணும். மாசத்திலை இந்த மூண்டு நாளும்தான் என்ரை முதுகு நிலத்திலை படுகுது. இதுக்குள்ளை இருந்தால் ஒருத்தரும் 'தண்ணி கொண்டா' எண்டு கேக்கேலாது. சின்னவனும் மேலை ஏறி விழமாட்டான்." பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரல் வைத்தார். "இஞ்சேருங்கோ, சொதிக்கு உப்புப் போட்டனீங்களோ?"

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அக்கா கையைத் தலைக்கு வைத்துச் சரிந்து, என் முன்னாலேயே நித்திரையாகிவிட்டார். சொதியில் உப்பு இல்லை.

அண்ணையைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சிறுபோக நெல் வெட்டுக் காலம். விடியப்புறம் அரிவாளோடு இறங்கி, பகலில் பசியோடு ஏறிவந்து, புட்டு அவித்துக் கட்டியாக்கி, பிள்ளைகளின் முறைப்பாட்டையும் கேட்டு, பின்னேரம் மறுபடி வயலுக்கு ஓடினார். அந்தக் குடியேற்றத்தில் எல்லா ஆண்களின் பாடும் இதுதான். பழைய ஊரில் துடக்கு என்பது அவர்களுக்கு ஒரு சொல் மட்டும்; இங்கே அது அடுப்புப் புகையாக வந்து கண்ணைக் கரித்தது.

மூன்றாம் கிழமை மிசியம்மா வந்திருந்தபோது அண்ணை சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அம்மாட்டைக் கேளுங்கோ. இந்த மாதத் துடக்கு விஞ்ஞானப்படி பிழையெண்டு கூட்டம் வைச்சு அவா ஒருக்காச் சொல்லோணும். நாங்கள் சொன்னால் எங்கட பொம்பிளையள் கேக்க மாட்டினம். வெள்ளைக்கார நேர்ஸ் சொன்னால் கேப்பினம். சங்கத்திலை எல்லாரும் ஒரே முடிவு."

சொன்னேன், என் வேலை அது. மிசியம்மாவின் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ இடத்தில் இதைப் பற்றிப் பேச முயன்று ஆண்களின் முறைப்பைக் கண்டு அடங்கியவராம். இங்கே ஆண்களே கேட்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, இது ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றார். அந்தக் கையை உதற எனக்குத் துணிவில்லை.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அக்கா என்னை மறித்தார். முகம் கறுத்திருந்தது.

"அவாவைக் கதைக்க விடாதேங்கோ தங்கச்சி. கொட்டிலைக் கண்டுக்குட்டிக்குத் துப்புரவாக்கப் போறாராம் இவர், இப்பவே சொல்லுறார். அவா ஒரு சொல்லுச் சொன்னால் போதும், எனக்கு அந்த மூண்டு நாளும் போச்சு. நான் கும்பிட்டுக் கேக்கிறன்." உண்மையாகவே கும்பிட்டார், ஈரக் கையோடு.

அடுத்த முறை மிசியம்மா வந்தபோது வாய்க்கால் கரையில் மருத நிழலில் நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பொய்யை அண்டி வாழும் ஓய்வு நிலைக்காது, உண்மையைச் சொன்னால் அவர்கள் தலை நிமிர்ந்து ஓய்வைக் கேட்டு வாங்குவார்கள் என்றார்.

"யாரிடம் கேட்டு வாங்குவது?"

"கணவனிடம்."

"எந்தக் கணவன் கொடுப்பான்?"

"அன்புள்ளவன் கொடுப்பான்."

மணம் முடிக்காத அவரும் மணம் முடிக்காத நானும் கணவன்மாரைப் பற்றி வெயில் சாயும்வரை வாதாடினோம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஏனென்றால் நானும் அதைத்தான் அக்காவிடம் பிரசங்கித்திருந்தேன்.

நாலாம் கிழமை ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். முன்னால் மர வாங்குகளில் ஆண்கள், பின்னால் நிலத்தில் பெண்கள். காலிக்காரி போய்ப் பெண்களோடு சப்பாணி கட்டி இருந்தாள். மிசியம்மா அழகாகப் பேசினார். பெண்ணின் உடம்பு சுத்தமானது, அந்த நாட்களில் அவள் சமைக்கலாம், சாமி கும்பிடலாம், தண்ணீர் அள்ளலாம், எந்த வேலையும் செய்யலாம் என்றார். ஒரு சொல்லையும் புரட்டாமல் தமிழில் சொன்னேன். புரட்டலாம் என்று இரண்டு இரவு யோசித்திருந்தேன். மேடையில் அந்த மனுஷியின் பக்கத்தில் நின்றபோது நாக்கு வரவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் வாங்குகள் தலையாட்டின. அண்ணை முகமெல்லாம் பல். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார்.

"யாருக்காவது கேள்வி உண்டா?" என்று முடித்தார் மிசியம்மா. தமிழில் கேட்டேன். ஆண்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை, வந்த அலுவல் முடிந்துவிட்டது. பெண்கள் அந்தக் கொட்டகையில் என்றுமே வாய் திறந்ததில்லை. அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிசியம்மாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்:

"பின்னாலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார். எல்லா நாளும் வேலை செய்யலாம் என்கிறீர்கள். அப்படியென்றால் களைத்துப்போனால் என்ன செய்வது, வேலையை யார் செய்வது?"

மிசியம்மா ஆவலோடு எட்டிப் பார்த்தார். "எந்தச் சகோதரி?"

எனக்கு வியர்த்துவிட்டது. அப்போது பெண்கள் நடுவிலிருந்து காலிக்காரி எழும்பினாள். தமிழ் தெரியாவிட்டாலும், அங்கே ஒருத்தியும் வாய் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். "இந்தப் பக்கம்தான் மிஸ். கூச்சப்படுகிறார், எழுப்பாதீர்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்துகொண்டாள். அவளை அப்படியே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மிசியம்மாவின் முகம் மலர்ந்தது. இதைவிட நல்ல கேள்வி இல்லை என்றார். மனைவி களைத்தால் கணவன் அவள் வேலையைச் செய்ய வேண்டும் என்றார். அதற்கு மாதத்தில் நாள் பார்க்க வேண்டியதில்லை, எந்த நாளாக இருந்தாலும், அவள் களைப்பு என்று சொன்னால் அதுவே போதும் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே நின்ற மாடுகளுக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

தலையாட்டல் நின்றது.

முன் வாங்கில் ஒருவர், "எந்த நாளுமோ?" என்றார்.

கேட்டேன். "எந்த நாளும்," என்றார் மிசியம்மா.

"எத்தினை நாளைக்கு?"

"அவள் களைப்பு ஆறும்வரைக்கும்."

"வெட்டு நடக்கேக்கையுமோ?"

"அப்போதும்தான். அவளும் களைக்கிறாள் அல்லவா?"

வாங்குகளில் குசுகுசுப்பு எழுந்தது. தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்தன. கடைசியில் அண்ணை நன்றியுரைக்கு எழும்பினார். மிசியம்மாவின் சேவையை வாயாரப் புகழ்ந்தார். பிறகு சால்வையை ஒருமுறை உதறிப் போட்டார்.

"எண்டாலும் எங்கட மூத்தாக்கள் யோசியாமல் ஒரு ஒழுங்கை வைச்சிருக்க மாட்டினம். மூண்டு நாள் எண்டால் அதுக்கு ஒரு அளவு இருக்கு. பழக்கவழக்கத்தை அவசரப்பட்டு மாத்தத் தேவையில்லை எண்டு சங்கம் அபிப்பிராயப்படுகுது."

ஆண்கள் பலமாகக் கைதட்டினார்கள். பின்னால் சேலைத் தலைப்புகள் வாய்க்குப் போயின; தோள்கள் சிரிப்பில் குலுங்கின. அக்கா முகத்தை மூடவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றியுரையையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மிசியம்மாவின் முகம் விழுந்துபோயிற்று. சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியே போனவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்விதானே.

அதற்கடுத்த கிழமை ஒரு மத்தியானம் மிசியம்மா வந்தார். சோளகக் காற்று எதிர்த்து வீசிய நாள். புழுதி கண் இமையெல்லாம் படிந்திருந்தது. குசினியில் அண்ணை தேங்காய் துருவிக்கொண்டிருந்ததைக் கண்டார். விளங்கிக்கொண்டு நேரே கொட்டிலடிக்கு நடந்தார். உள்ளே அக்கா. வாசலில் நிலத்திலேயே இருந்து, "நான் தோற்றுப்போனேன் என்று இவரிடம் சொல்," என்றார்.

நான் சொல்லமுதல் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். சிவந்து கன்றிய முகம். சப்பாத்து வாரை மீறி வீங்கிய கால்.

"தங்கச்சி, இவா கடைசியா எப்ப ஒரு பகல் படுத்தவா எண்டு கேளுங்கோ."

கேட்டேன். மிசியம்மா சிரித்துக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தார். யோசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா நகர்ந்து இடம் விட்டார். உடுத்தாத சேலையொன்றை மடித்துத் தலைக்கு வைத்தார். ஐந்து நிமிடம் மட்டும் என்று சொல்லி மிசியம்மா சப்பாத்தைக் கழற்றினார். தலை பட்டதுதான் தெரியும்.

மருந்துக்கு ஆட்கள் வந்தார்கள். அண்ணை படலையிலேயே நின்று மறித்தார். "மிசியம்மா கொட்டிலுக்குள்ளை. இப்ப அவாவிட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது. நாளைக்கு வாங்கோ." அக்காவின் துடக்கு மிசியம்மாவுக்கும் பட்டுவிட்டது என்பது அண்ணையின் கணக்கு. கேட்டவர்களும் அதை ஒத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். சாப்பாட்டு நேரம் இரண்டு தட்டில் சோறு போட்டு வாசலில் வைத்து, மூடி, எட்ட விலகினார். பிள்ளைகளுக்கு வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

வெயில் சரிந்த பிறகுதான் மிசியம்மா எழும்பினார். கன்னத்தில் சேலைக் கரையின் அச்சு. ஆறிப்போன சோற்றை அக்காவோடு இருந்து வழித்துச் சாப்பிட்டார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டவர் போகாமல் நின்றார். பிறகு, சிறுபிள்ளை கேட்பது போல மெதுவாக என்னிடம், "அடுத்த மாதம் எப்போது வரலாம் என்று கேட்பாயா?" என்றார்.

கேட்டேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு வராத நாளெண்டாலும் வந்து படுக்கச் சொல்லுங்கோ. கொட்டில் நிக்குதுதானே."