கற்பூரம் கூடாது என்றார் டாக்டரம்மா

காலையில் நான் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் விரல்கள் எழுந்திருக்கும். அதற்குள் யு.கே.ஜி. படிக்கும் என் மகளுக்குத் தலை பின்னியாக வேண்டும். ஸ்கூல் வேன் என் விரல்களுக்காகக் காத்திருக்காது. அதனால் அந்த வேலை என் கணவருடையதாகிவிட்டது. அவர் போடும் இரட்டைப் பின்னல், ரயிலில் போகிற பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கினது மாதிரி இருக்கும். எவ்வளவு ஓடியாடினாலும் அவிழாது. குழந்தைக்கு அதில் ஒரே பெருமை. எனக்குத்தான் சீப்பு அவர் கையில் இருப்பது பொறுக்கவில்லை. அது திரும்ப என் கைக்கு வரவேண்டும். வேறு எதுவும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை.

முடக்குவாதம் என்று தில்லை நகர் மூட்டு டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் புதன்கிழமை மட்டும் போட வேண்டிய மாத்திரை ஒன்றை எழுதித் தந்து, "பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும், பொறுமையா இருங்க" என்றார். நான் படித்தவளாயிற்றே, மாத்திரையோடு வந்த பொடி எழுத்துக் காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். முடி கொட்டலாம், ஈரல் கெடலாம் என்று அது பாட்டுக்கு நீண்டது. படிக்காமல் இருந்திருந்தால் அன்று தூங்கியிருப்பேன். குழந்தை கைக்கு எட்டக்கூடாது என்று மாத்திரையை பீரோவின் உச்சியில் வைக்கச் சொன்னேன். என் கையும் அவ்வளவு உயரம் போகாது என்பது அடுத்த புதன்கிழமைதான் உறைத்தது. அதையும் கணவர்தான் எடுத்துத் தர வேண்டியதாயிற்று.

என் மாமியார் அந்த மாத்திரைக்கு வைத்த பெயர் 'விஷம்'. கோயிலுக்கு அவருடன் வரும் ஒரு மாமி சொன்னதைக் கேட்டு, தில்லை நகரிலேயே ஒரு ஹோமியோபதி டாக்டரம்மாவிடம் எங்களைக் கூட்டிப் போனார். அங்கே கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விகள்.

"இடி இடிச்சா பயப்படுவீங்களா?"

"இல்லைங்க" என்றேன் நான்.

"குழந்தை பயப்படறதுன்னு சொல்லிண்டு போய் அதைக் கட்டிப்பா. குழந்தை நன்னாத் தூங்கிண்டிருக்கும்" என்றார் கணவர்.

"அழும்போது யாராவது சமாதானம் சொன்னா அழுகை அடங்குமா, ஜாஸ்தியாகுமா?"

"யார் சொல்றாங்கறதைப் பொறுத்தது" என்றார் மாமியார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"வீட்டைப் பூட்டிட்டு, பூட்டினோமான்னு திரும்பப் போய்ப் பார்ப்பீங்களா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று லிஃப்டில் கீழே இறங்கியவர்கள், மறுபடி மேலே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டார். இப்படி ஒருவர் என்னைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டதே இல்லை என்று தோன்றியது. கூடவே, தப்பாகப் பதில் சொல்லி வேறு யாருக்கோ உரிய மருந்தை வாங்கிக்கொண்டு போகிறேனோ என்றும் தோன்றியது.

சர்க்கரை உருண்டைகளைத் தந்துவிட்டு, "காப்பி வேண்டாம். பச்சை வெங்காயம், பூண்டு, கற்பூரம் கிட்டேயே போகாதீங்க, மருந்து முறிஞ்சிடும்" என்றார்.

வெங்காயமும் பூண்டும் எங்கள் வீட்டில் ஏற்கனவே கிடையாது. காப்பி என்றதும் மாமியாரின் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் போல ஆனது. கற்பூரத்தை அப்போது யாருமே பொருட்படுத்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தாயார் சன்னதியில்தான் அது நினைவுக்கு வந்தது. தீர்த்தத்துக்குக் கை நீட்டினேன். பச்சைக் கற்பூர வாசனை வந்ததும் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். வலித்த மணிக்கட்டு வேறு. அர்ச்சகர் உத்தரணிக் கரண்டியோடு நின்றார்.

"என்ன மாமி, மாட்டுப்பொண்ணுக்குத் தீர்த்தம் வேண்டாமா?"

"ஹோமியோபதி சாப்பிடறா. கற்பூரம் ஆகாதாம். அவளுக்கும் சேத்து எனக்கே சாதிச்சுடுங்கோ."

"நானும் முழங்காலுக்கு அதான் சாப்பிடறேன்" என்றார் அவர். "நாள் பூரா கற்பூரத்துலேயே நிக்கறேன். எங்க டாக்டர் மருந்துக்கும் தீர்த்தத்துக்கும் நடுவுல அரைமணி விடச் சொல்லியிருக்கார். உங்க டாக்டர் ரொம்ப ஆசாரம் போலிருக்கு."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமியார் இரண்டு பேர் பங்கையும் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தலையில் வைத்த சடாரி மட்டும்.

வாரங்கள் போயின. ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டின் மூலையை நானே கத்தரித்தேன். இன்னொரு நாள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டேன். வீட்டில் உடனே பெருமையைப் பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெந்நீரில் கையை வைக்கச் சொன்னது தான்தான் என்றார் கணவர். மாமியாருக்குச் சந்தேகமே இல்லை.

"உருண்டைதான் கேக்கறதே. இனிமே எதுக்கு அந்த விஷம்? விட்டுடேன்."

எனக்கும் விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. சீப்பில் நாலு முடி கூட வந்தாலே காகிதத்தின் வரிகள் கண் முன்னால் வரும். ஆனால் விட்டால், திரும்ப வலி வந்தால், இவ்வளவு பக்கத்தில் வந்த சீப்பு? அடுத்த தடவை தில்லை நகர் போனபோது, மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார்.

"புதன்கிழமை மாத்திரையை நிறுத்தினா என்கிட்ட வராதீங்கம்மா. வலி இல்லாட்டியும் உள்ளே மூட்டு அரிச்சுக்கிட்டே போகும். அதைத் தடுக்கிறது அந்த மாத்திரை. என் உருண்டைக்கு அது முடியாது. அதை நிறுத்துறது, குறைக்கிறது எல்லாம் மூட்டு டாக்டரைக் கேட்டுத்தான். ரத்தப் பரிசோதனையும் விடாதீங்க. இங்க வந்தா நீங்க கொஞ்சம் நிம்மதியாத் தூங்கறீங்க, அதுக்கு வாங்க."

"அப்போ கை சரியானது எதனால?" என்றார் மாமியார்.

"பலன் தெரிய ரெண்டு மூணு மாசம்னு மூட்டு டாக்டர் சொன்னாராமே. கணக்குப் பாருங்க."

மாமியார் கணக்குப் பார்த்தார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் விரல்விட்டு எண்ணினார். வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ தீர்த்தம் வாங்கிக்கலாமோன்னோ? அதைக் கேக்காமலே வந்துட்டியே."

உண்மைதான், மறந்துவிட்டேன். அரைமணி இடைவெளி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அடுத்த புதன்கிழமை காலை என் விரல்கள் எனக்குக் கொஞ்சம் பின்னால்தான் எழுந்தன. சீப்பை எடுத்துக்கொண்டு குழந்தையின் பின்னால் உட்கார்ந்தேன். வகிடு கோணியது. இடது பின்னல் காதருகே தொடங்கியது, வலதை முடிப்பதற்குள் கட்டைவிரல் விண்ணென்றது. ஆனால் முடித்தேன். குழந்தை கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா பின்றதுதான் நன்னாருக்கு" என்றாள்.

"நாளைக்கு அப்பா பின்னட்டும். இன்னிக்கு இப்படியே போ" என்றேன். வேன் ஹாரன் அடித்தது. அவள் இறங்கி ஓடியபோது இடது பின்னல் பாதி அவிழ்ந்துவிட்டதைப் பார்த்தேன். கூப்பிட்டுத் திருத்தவில்லை.

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது, மகனிடம்.

"டேய், புதன்கிழமைடா இன்னிக்கு. பீரோ மேலேர்ந்து அவளுக்கு அந்த விஷத்தை எடுத்துக் கொடு."