பின்னால் நின்று பார்த்துச் சொன்னவள்

மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒன்பது மணிக்குள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஏழரைக்கே ஆலங்குடியில் எங்கள் வீட்டு வாசலில் காருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் எதிர்வீட்டுக்காரர், "சார், ஒங்க வண்டியில பிரேக் லைட்டு ரெண்டுமே எரியலயே" என்றிருந்தார். என் வண்டியின் குறையை இன்னொருத்தர் சொன்னாலே எனக்குக் கோபம் வரும்.

பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பல்புகளைக் கழற்றினால் இரண்டும் உள்ளே கருத்துக் கிடந்தன. வாங்கி வைத்திருந்த புதுப் பல்புகளை மாட்டினேன். லேசில் உள்ளே போகவில்லை. நிதானமாகத் திருப்பிப் பார்த்திருக்கலாம். எனக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம். அழுத்தித் திருகினேன், போய்விட்டது.

பிரேக் லைட்டைத் தனி ஆளாகச் சரிபார்க்க முடியாது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும். மனைவி நின்றாள். காலை வெயில் நேராக அந்தச் சிவப்புக் கண்ணாடியில் அடித்தது.

"எரியுதா?"

"இல்லீங்க."

மறுபடி மிதித்தேன்.

"தெரியலங்க. லேசா எரியுற மாதிரி..."

"மாதிரின்னா? ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? ஒங்கப்பாவுக்கு முன்னாடி ஒனக்குத்தான் ஆபரேஷன் பண்ணணும் போல."

பின்சீட்டில் மாமனார் இருந்தார். மூன்றாவது தடவை மிதித்தேன்.

"எரியுதுங்க" என்றாள். அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதால் ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பஸ், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு. பஸ்காரன் நெருக்க நெருக்க, இவள் என் வண்டியை ஒட்டி வந்தாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று தோப்புக்குள்ளிருந்து சட்டென்று ரோட்டில் ஏறியது. பிரேக்கை முழுசாக மிதித்தேன். கார் நின்றது. கண்ணாடியில் அவள் நிற்கவில்லை. நேராக என் டிக்கியைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். கடைசி நொடியில் ஸ்கூட்டரை இடப்பக்கம் ஒடித்து, காரை உரசி, மண்ணில் இறங்கிச் சரிந்து நின்றாள். அவள் இருந்த இடத்தை அடைத்துக்கொண்டு பஸ் கிறீச்சிட்டு நின்றது.

இறங்கி ஓடினேன். அடி ஒன்றும் இல்லை. அது தெரிந்ததும் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"எரியுதுன்னு நீதானே சொன்ன?"

அவள் ஸ்கூட்டரை நிமிர்த்தினாள். "எரியலன்னு சொன்னா இன்னும் கத்துவீங்க. அப்பா வேற உக்காந்துருந்தாரு" என்றாள்.

வண்டிகளை ஓரங்கட்டிவிட்டுப் பல்பைக் கழற்றினேன். பக்கவாட்டில் இரண்டு சின்னக் குமிழ்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. அதை மாற்றிச் சொருகித்தான் திருகியிருக்கிறேன். பிரேக்குக்கு எரிய வேண்டிய பெரிய இழை எரியாமல், இரவில் மங்கலாக எரிகிற சின்ன இழை எரிந்திருக்கிறது. வெயிலில் அது எங்கே தெரியும்? லேசா எரியுற மாதிரி என்று அவள் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. இரண்டு பல்பையும் சரியான பக்கம் திருப்பி வைத்தேன், விரலுக்கு வலிக்காமல் உள்ளே போயின.

மிதிக்க ஆள் வேண்டும். அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மாமனார் தானே இறங்கி வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து மிதித்தார். நான் பின்னால் நின்றேன். இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

"எரியுது மாமா, காலை எடுத்துருங்க" என்றேன்.

அவர் எடுத்தார். இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எங்க வீட்ல இருந்தவரைக்கும் எம் மக பொய் சொல்லி நான் கேட்டதில்ல மாப்ள."