வால்பராய்ஸோவில் ஒரு காரியம்

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் கைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவர் மகன் விடுமுறைக்கு உல்லாசக் கப்பலில் தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அன்று சிலி நாட்டில், வால்பராய்ஸோ துறைமுகத்தில் இறங்கியிருந்தான். “அங்கிள், நீங்க இங்கல்லாம் வந்திருக்கீங்களாமே. ஒரு நாள்ல என்ன பாக்கலாம்?” என்று திரைக்குள்ளிருந்து கேட்டான். அவனுக்குப் பின்னால் மலைமேல் மலையாக வண்ணத் தகர வீடுகள். எங்கோ ஒரு நாய் குரைத்தது. அது கடலூரில், மூன்றாவது மாடியில், என் நாற்காலிக்கடியில் குரைத்த மாதிரி இருந்தது. அம்மாளுக்குத் திருப்தி இல்லை. சத்தம் விட்டு விட்டு வருகிறதாம். என் வீட்டு வைஃபையைக் குறை சொன்னார்.

மலைக்கு ஏறும் மரப்பெட்டி ரயிலில் போ, மீனை மாவுக்குள் வைத்துப் பொரித்துத் தருவார்கள், தின்று பார் என்று சொல்லிவைத்தேன். எல்லாம் கேள்வி ஞானம். அந்த ஊரில் ஒரு முழுப் பகல் கரையில் இருந்தவன்தான் நான். பார்த்தது என்னவோ இரண்டு டெலிபோன் கூண்டுகளை.

அந்தக் கூண்டுகளுக்கு ஒரு வாடை உண்டு. வார்னிஷ், பழைய சிகரெட், நமக்கு முன்னால் பேசியவரின் மூச்சு, எல்லாம் கலந்தது. உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அதே வாடைதான். பயணிகள் இறங்கினால் தேவாலயம், அருங்காட்சியகம் என்று பிரிந்து போவார்கள். கப்பல் ஊழியர்கள் இறங்கினால் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள். அது போன் பேசும் கடை இருக்கும் திசை.

நான் சிதம்பரத்தில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவன். படித்த படிப்புக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை என்பதாலேயே கப்பலில் வேலை கிடைத்தது. ஊழியர் அலுவலகத்தில் எழுத்தர். யார் எந்தத் துறைமுகத்தில் ஏறலாம், யார் எப்படி இறங்கலாம், எந்தக் கையெழுத்துக்குப் பிறகு எந்தக் கையெழுத்து, எல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இந்த வியாதி ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பிச்சாவரத்தில் படகுச் சீட்டுக்கு நிற்கும் வரிசையைத் திருத்திவிட்டு வந்து, என் மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அதே கப்பலில் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டவன் ஆரோக்கியராஜ். கடலூர் முதுநகர்க்காரன், கத்தோலிக்கன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். கப்பலுக்குள் எனக்குச் ‘சார்’ போடுவான். படிக்கட்டில் இறங்கிக் கரையில் கால் வைத்த மறு நொடி ‘மச்சான்’ ஆகிவிடுவேன். திரும்பிக் கப்பல் ஏறும்போது மறுபடி சார். ஒரு படிக்கட்டை இவ்வளவு மரியாதையோடு பயன்படுத்தியவனை நான் பார்த்ததில்லை.

வால்பராய்ஸோவுக்கு முந்தைய துறைமுகத்தில் அவன் அக்கா போனில் சொல்லியிருந்தாள்: அப்பாவுக்கு நெஞ்சுவலி, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அதன்பிறகு ஒரு வாரம் கடல். கப்பலில் இருந்து ஊழியர்கள் வீட்டோடு பேச அப்போது வழி கிடையாது. அந்த ஒரு வாரம் பயணிகளின் சட்டைகள் வழக்கத்தைவிட நன்றாக மடிப்பு விழுந்து வந்ததாக ஞாபகம்.

கரை தெரிந்த காலையில் அவன் அலுவலகத்துக்கு வந்து நின்றான். நிலைமையை நான் விளக்கினேன். வீட்டில் சாவு என்றால் கப்பல் கம்பெனியே ஊருக்கு அனுப்பிவைக்கும், வேலையும் காத்திருக்கும். சாவு இல்லாமல் பாதியில் இறங்கினால் இறங்கினதுதான், மறுபடி கூப்பிட மாட்டார்கள். இறங்குவதென்றால் துறைமுக ஏஜெண்ட் காகிதங்களை முடிப்பதற்குள், அதாவது கப்பல் கிளம்புவதற்கு முன்னால், சொல்லிவிட வேண்டும். இந்த ஊரை விட்டால் தெற்கே பனிமலையும் கால்வாயும்தான். விமானம் கிடைக்கிற ஊருக்குப் பல நாள் ஆகும். இவ்வளவையும் நான் தெளிவாக, வரிசை தவறாமல் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: “அப்பா எப்படி இருக்காருன்னு தெரியலியே சார்.” அதற்கு என்னிடம் விதி இல்லை. அனுமதி வாங்கி அவன் பாஸ்போர்ட்டை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவனோடு இறங்கினேன்.

ஊரில் ஆரோக்கியத்தின் தெருவில் போன் இருந்த வீடு ஒன்றே ஒன்று. லாரி டயர் வியாபாரி கோதண்டத்தின் வீடு. தெருவில் யாருக்கு வெளியூர்ச் செய்தி வந்தாலும் அவர்தான் எடுப்பார், அவர் வீட்டிலிருந்துதான் கூப்பிட ஆள் ஓடும். துறைமுகத்துக்குப் பக்கத்துப் போன் கடையில் ஆரோக்கியம் கூண்டுக்குள் போய் அந்த எண்ணைப் போட்டான். நான் வெளியே கண்ணாடிக் கதவோடு நின்றேன். உதடு இரண்டு தடவை அசைந்தது. அப்புறம் போனைக் காதிலிருந்து எடுத்து, அது ஏதோ புதுப் பொருள் மாதிரி பார்த்தான்.

வெளியே வந்து சொன்னான். கோதண்டம்தான் எடுத்தாராம். “ஆரோக்கியமா? காரியம் நேத்துதாம்பா முடிஞ்சுது. எல்லாரும் வந்துட்டுப் போனாங்க. நீ ஒண்ணும்...” என்றாராம். அதோடு லைன் அறுந்துவிட்டது.

ஊரில் அப்போது மழைக்காலம். கடலூரில் நாலு தூறல் விழுந்தால் முதலில் விழுவது டெலிபோன் கம்பம். மறுபடி போட்டோம். மறுபடியும். கல்லாவில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும் ‘ஒகுபாதோ’ என்றாள். லைன் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அன்று நான் கற்ற ஒரே ஸ்பானியச் சொல்.

எங்கள் பக்கத்தில் காரியம் என்றால் இரண்டு. போன காரியம் முடிந்தது என்றால் நல்ல செய்தி. வெறுமனே காரியம் முடிந்தது என்றால் பதினாறாம் நாள் சடங்கு முடிந்தது. அதற்கு எல்லோரும் வந்துவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு யார் கூட்டமாக வருவார்கள்?

“எங்காளுங்க காரியம்னு சொல்ல மாட்டோம் மச்சான். அடக்கம், கல்லறை மந்திரிப்புன்னுதான் சொல்லுவோம்” என்றான்.

“சொன்னது கோதண்டமாச்சே. அவரு வாயில அதானே வரும்” என்றேன். எம்.ஏ. படித்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பிறகு அவன் இன்னொரு கணக்குப் போட்டான். பதினாறு முடிந்துவிட்டது என்றால், ஒரு வாரம் முன்பு அக்கா பேசியபோதே அப்பா இல்லை. அது நடக்காத விஷயமும் இல்லை. வெளியூரில் இருப்பவனுக்குச் சாவை யாரும் உடனே சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்பது முதல் தவணை. அக்கா அவசரமாக வைத்துவிட்டது அவனுக்கு இப்போது விளங்கியது. எனக்கும் விளங்கிவிட்டது. தப்பாக விளங்குவதில்தான் எத்தனை வேகம்.

மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் கடையைச் சாத்தினார்கள். எங்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டு அந்தப் பெண் கையால் சாப்பிடுகிற மாதிரி காட்டினாள். நாங்கள் நடந்தோம். ஊர் அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும். எங்கள் கப்பல் பயணிகள் தொப்பியும் காமிராவுமாக எதிரே வந்து கைகாட்டினார்கள். ஒரு செம்பட்டை நாய் எங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு கூடவே வந்தது. நான் வாங்கிக் கொடுத்த பொரித்த பண்டத்தை ஆரோக்கியம் அதற்கே போட்டுவிட்டான்.

வழியில் ஒரு கோயில் திறந்திருந்தது. பழைய மாதா கோயில். உள்ளே போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வா, மனசு கொஞ்சம் அடங்கும் என்றேன். படியில் ஏறியவன் பாதியில் நின்றுவிட்டான்.

“உடம்பு சரியில்லாதவருக்கு ஒரு ஜெபம் மச்சான். செத்தவருக்கு வேற ஜெபம். இப்ப நான் எதைச் சொல்றது?”

நாய் படியில் உட்கார்ந்தது. நாங்களும் உட்கார்ந்தோம். மலைக்கு அப்பால் துறைமுகத்தில் எங்கள் கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. கப்பல் கிளம்பும் நாளில் புகை எப்போது கறுக்கும் என்று எனக்குத் தெரியும். அது கறுக்க ஆரம்பித்திருந்தது.

மேட்டுத்தெருவில் இன்னொரு போன் கடை கண்ணில் பட்டது. மருந்துக் கடைக்குள் ஒற்றைக் கூண்டு. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர், போனில் மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் சமாதானமாகிற வரை காத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் ஆரோக்கியம் என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டான். தனியாகக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஒரு ஆளுக்கான கூண்டில் இரண்டு பேர், போனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு காது. ஒரு தடவை ஒகுபாதோ. அடுத்த தடவை மணி அடித்தது. ஊரில் தெருவே படுத்திருக்கும் நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் குரலில் தூக்கம் இருந்தது.

“மாமா, நான் ஆரோக்கியம். யாருக்குக் காரியம் மாமா?”

ஏழு கடலுக்கு அப்பாலிருந்து கோதண்டம் சொன்னார். “எங்க அம்மாவுக்குப்பா. உங்கக்கா சொல்லலியா?”

ஆரோக்கியம் மூச்சை விட்டான். என் கன்னத்தில் பட்டது. “உங்க அம்மாதானா. நல்லவேளை மாமா.”

அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில் ஒரு கோளாறு உண்டு. நாம் பேசியது போய்ச் சேர்ந்து நமக்கே எதிரொலியாகத் திரும்பி வரும். நல்லவேளை மாமா என்று அவன் குரல் அவன் காதிலேயே, என் காதிலும், நிதானமாக மறுபடி ஒலித்தது. அவன் முகம் வெளிறியதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தேன். என்ன சொல்வது என்று அவன் என்னைப் பார்த்தான். நான் கூண்டின் பலகையைப் பார்த்தேன்.

“ஆமாம்பா, எங்க அம்மாதான்” என்றார் கோதண்டம். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். “உங்கப்பாவெ முந்தாநாளே கூட்டியாந்துட்டாங்க. எழுந்து நடக்கறாரு. நேத்து காரியத்துக்கு வந்து, எம்பக்கத்துலதான் ஒக்காந்து ஒரு வாய் சாப்ட்டாரு. நீ கவலப்படாம வேலையப் பாரு.”

ஓடினோம். படிக்கட்டை எடுப்பதற்குக் கையை வைத்திருந்தவர்களை நான் அதட்டி நிறுத்தினேன். அந்த அதிகாரம் எனக்குக் கிடையாது. பாஸ்போர்ட் என் பையிலேயே இருந்தது, வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. மேலே வந்ததும் வழக்கப்படி சார் ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். “என்னா பேச்சு பேசிட்டேன் மச்சான்” என்றான். கப்பலுக்குள் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

பின்னாளில் அக்கா சொன்னாளாம்: அந்த வீட்டுப் போனிலேயே, சாவு விழுந்த வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டு, அவர் அம்மா செத்ததை எப்படிச் சொல்வது?

நான் சொல்ல வந்தது இதற்கப்புறம் நடந்தது. அடுத்த துறைமுகத்தில் ஆரோக்கியம் பயந்துகொண்டே எண்ணைப் போட்டான். மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்துவைத்திருந்தான். ஆங்கிலத்தில் யோசித்து நான் தயாரித்துக் கொடுத்தது, அதனால் நன்றாக இல்லை. அவற்றுக்கு வேலை வரவில்லை. கோதண்டம் போனை எடுத்ததும், யார் என்று கேட்பதற்கு முன்பே, “அப்பா நல்லா இருக்காரு. யாரு பேசறது?” என்றார். வெளிநாட்டு லைனின் இரைச்சலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாராம். அதன்பிறகு எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் அதே வரிசை: முதலில் அப்பா, பிறகு யார். இரைச்சல் ஜாஸ்தியாக இருந்த ஒரு நாள் மும்பையிலிருந்து பேசிய டயர் கம்பெனிக்காரருக்கும் அந்தச் செய்தி கிடைத்திருக்கிறது. அவரும் ரொம்ப சந்தோஷம் என்றாராம்.

சில வருஷம் இப்படியே போயிற்று. மாண்டிவிடியோ துறைமுகத்தில் ஒரு காலை, நான் கூண்டுக்கு வெளியே நின்றிருந்தேன். ஆரோக்கியம் எண்ணைப் போட்டான், காத்திருந்தான், கேட்டான். பிறகு நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, “சரி மாமா, நான் வர்றேன்” என்று மட்டும் சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அலோன்னாரு மச்சான்” என்றான்.

கையெழுத்துகளை நான் ஒரு மணி நேரத்தில் வாங்கி முடித்தேன்.

கோதண்டமும் இப்போது இல்லை. வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள், கம்பியும் கம்பமும் போய்விட்டன. எதிர்வீட்டு அம்மாள் போன பிறகு, ஆரோக்கியம் போட்டுப் போட்டு எனக்கும் மனப்பாடமான அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரைச்சலே இல்லாமல் சொன்னாள். சொல்லவேண்டியதைத்தான் முதலில் சொன்னாள். யாருடைய அப்பாவைப் பற்றியும் அவளுக்குத் தெரியவில்லை.