ஓடிற்றர் அண்ணை கணக்குப் பார்த்தவர் அல்லர்

போன செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மோர்னிங்சைட்டிலிருந்து ஓடிற்றர் அண்ணையின் மனைவி றோஸ் அக்கா. "பிள்ளை, இவர் போயிட்டார்" என்றார். ஒரு காலில் சப்பாத்தோடு விட்பி வீட்டுப் படியில் அப்படியே இருந்துவிட்டேன்.

அன்று மாலை தமிழ் வானொலியில் அறிவித்தல் போனது. மன்னாரைப் பிறப்பிடமாகவும் பிரான்சையும் கனடாவையும் வதிவிடமாகவும் கொண்ட அந்தோனிப்பிள்ளை அருளானந்தம், முன்னாள் கணக்காய்வாளர், காலமானார் என்று வாசித்தார்கள். எனக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. எந்தக் கணக்காய்வாளர்? அந்த மனிசன் தன் வாழ்நாளில் ஒருவருடைய கணக்கையும் ஆய்ந்தவரில்லை. அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிழை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும், நானும் பக்கத்தில் இருந்தவள்தானே. ஸ்காபரோவில் நாங்கள் வேலை செய்த பிளாஸ்ரிக் மூடித் தொழிற்சாலையில் அன்று அவருக்கு முதல் நாள். சாப்பாட்டு அறையில் யாரோ கேட்டார்கள்.

"அண்ணை, பிரான்சிலை என்ன செய்தனீங்கள்?"

"யூனிவேர்சிற்றியிலை ஓடித்தேரா இருந்தனான்."

அவர் சொன்னது பிரெஞ்சுச் சொல். எங்கள் காதில் விழுந்தது 'ஓடிற்றர்', கணக்காய்வாளர். யூனிவேர்சிற்றிக்கே ஓடிற்றர் என்றால் லேசுப்பட்ட ஆளா! மணி அடித்து நாங்கள் எழும்புவதற்குள் அவர் ஓடிற்றர் அண்ணை ஆகிவிட்டார்.

பிறகென்ன, வருமானவரி கட்டும் ரக்ஸ் காலம் வந்தால் அவருடைய அப்பார்ட்மென்ற் வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடக்கும். உங்களில் சிலரும் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "நான் கணக்குப் பாக்கிற ஓடிற்றர் இல்லை, கேட்டுக்கொண்டு இருக்கிற ஓடிற்றர்" என்பார். பகிடி விடுகிறார் என்று சிலர் சிரித்தார்கள். "மனிசனுக்குச் சரியான லெவல், தலைக்கனம்" என்று சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சொன்னது என்ன என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஒருநாள் பனி கொட்டி, பஸ் வராமல் நாங்கள் இருவரும் தரிப்பிடத்தில் விறைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முழுக்கதையும் சொன்னார். பிரான்சின் நடுப்பகுதியில் ஒரு சின்ன நகரம். அங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகம். அதன் சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணை கோப்பை கழுவினார். ஒருநாள் வேலை முடிந்து, சூடு கிடைக்கும் என்று ஒரு விரிவுரை மண்டபத்தின் பின்வாசலில் ஒதுங்கி நின்றிருக்கிறார். புவியியல் படிப்பிக்கிற அம்மா கண்டுவிட்டார். கலைக்கப் போகிறார் என்று அண்ணை நினைக்க, அவர் வெறுமையாய்க் கிடந்த ஒரு கதிரையைக் கையால் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாராம். அடுத்த கிழமை அவரே கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தும் விட்டார். ஓடித்தேர் என்றால் அங்கே அதுதான்: சோதினையும் பட்டமும் இல்லாமல் வகுப்பில் இருந்து கேட்கிறவர்.

"பக்கத்துக் கதிரையிலை ஆர் தெரியுமோ? எங்கட தெருவிலை இறைச்சி வெட்டுறவன்! சந்தைக்கு வந்த சனம் லீக்ஸ் பையோட வந்து குந்தி இருந்து கேக்கும். ஊருக்கும் அதுக்கும் நடுவிலை மதிலே இல்லைப் பிள்ளை."

ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் அந்த மண்டபங்களில்தான் பாதி ஊர் படுத்து எழும்பியதாம். அண்ணை பெரிய கிடாரத்தில் பருப்புக்கறி காய்ச்சினார். "வெள்ளைக்காரர் பாண் துண்டாலை வழிச்சு வழிச்சுத் திண்டவை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருடைய அகதி வழக்குக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்ததும் அங்கே சட்டம் படித்த பெடியள்தான். வழக்குச் சரிவரவில்லை. அந்தப் பெடியள் அழுதார்களாம். அப்படித்தான் அவர் கனடாவுக்கு வந்தார்.

"முதல் வருசம் பாதிதான் விளங்கினது. ஆனா ஒருத்தரும் என்னை எழும்பு எண்டு சொல்லேல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள் துவங்கி எல்லா இடத்திலையும் எழும்பு, எழும்பு எண்டுதானே பிள்ளை கேட்டனாங்கள்?"

யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வருடத்தோடு கம்பஸ் படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்தவள் நான். அது தெரிந்துதான் என்னைக் 'கம்பஸ் பிள்ளை' என்று கூப்பிடுவார். "அதை விடுங்கோ அண்ணை, அது முடிஞ்ச கதை" என்று எரிந்து விழுவேன். அவர் விடமாட்டார்.

போன கோடையில் ஒருநாள் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனார். வகுப்பில் சும்மா இருந்து கேட்கலாமோ என்று தட்டுத்தடுமாறி விசாரித்திருக்கிறார். அடுத்த நாள் மெஷின் சத்தத்துக்கு மேலால் என்னிடம் கத்தினார். "'ஓடிற் பண்ணப் போறீங்களோ' எண்டு பதிவு செய்யிற இடத்துப் பிள்ளை கேட்டுது! இஞ்சையும் அந்தச் சொல் இருக்கு!" கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடம் நாங்கள் ஒருவரும் விளங்கிக்கொள்ளாததை, முன்பின் தெரியாத ஒரு பெண் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொண்டாள். அங்குள்ள புவியியல் பேராசிரியரும் சம்மதித்தார். செப்ரெம்பரில் மாலை வகுப்பு.

"நீயும் வாவன்" என்றார். விட்பியிலிருந்து வரும் தூரம், பிள்ளைகள், ஷிப்ற் என்று அடுக்கிவிட்டு, "பாப்பம் அண்ணை" என்றேன்.

வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே வயிற்றுவலி என்று படுத்தார். வலிக்குப் பெயர் வைத்தபோது எல்லாம் பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோட்டீசிலை கணக்குப் பாத்தவன் எண்டு போட விடாதை. பிறகு செத்த வீட்டுக்கும் ரக்ஸ் பேப்பரோட வருங்கள்" என்றார். அந்த நிலையிலும் பகிடி. "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று ஏசினேன். பிறகு, "வகுப்பிலை என்ர கதிரைதான் பிள்ளை. சும்மா கிடக்கும்" என்றார்.

இறுதிச்சடங்கு நடந்த மலர்ச்சாலையில் கொடுத்த கார்டிலும் அதே 'கணக்காய்வாளர்'. அச்சடித்தவர் றோஸ் அக்காவின் தம்பி. "ஆர் உமக்கு உப்பிடிச் சொன்னது?" என்று பிடித்துக்கொண்டேன். "ஊரே அப்பிடித்தானே அக்கா சொன்னது" என்று அவர் முழித்தார். நான் சத்தம் போட வாயைத் திறக்க, றோஸ் அக்கா என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"விடு பிள்ளை. பிழையாக் கதைக்கிறவையையும் அவர் இடையிலை மறிக்கமாட்டார். முடியுமட்டும் கேட்டுக்கொண்டு இருப்பார்."

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நான் அண்ணை இல்லை, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் இங்கே மறிக்கிறேன்: அருளானந்தம் கணக்குப் பார்த்தவர் அல்லர். கேட்டவர்.

முந்தாநாள் வேலை முடிந்து நேரே அந்த வகுப்புக்குப் போனேன். பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். "நீங்கள்?" என்று கேட்டார்.

"ஓடிற்றர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். போய் அண்ணையின் கதிரையில் இருந்தேன். பாடம் தொடங்கியது. பாதிதான் விளங்கியது, மற்றப் பாதியை என் அழுகை விழுங்கிவிட்டது. ஆனால் ஒருத்தரும் என்னை எழும்பு என்று சொல்லவில்லை.