விரத நாளில் நான் தின்ற பலகாரம்

முருகன் அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் அவன் செய்த உதவியை மறைத்தவனாவேன்.

2006ஆம் வருடம். அஸ்தினாபுரத்தில் குடியிருந்தேன். ஆபீஸில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க சார்?" என்று கேட்டார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கிறவன். கூனிக்குறுகிப் போனேன்.

காரணம் இருந்தது. என் மனைவியின் தம்பி சேகர் குடிப்பான். அந்த வருடத் தைப்பூசத்தன்று எங்கள் வீட்டுப் பூஜைக்கு வந்தவனை, "குடிக்கிற கையால விளக்கைத் தொடாதே" என்று உறவுக்காரர்கள் எதிரிலேயே விரட்டியிருந்தேன். இந்த ரிப்போர்ட் அவன் கண்ணில் பட்டால்? முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். "என் மானத்தைக் காப்பாத்து முருகா" என்று வேண்டினேன். உடம்பைக் காப்பாற்று என்று கேட்கத் தோன்றவில்லை. திங்களையும் சனியையும் விரதத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்த ஸ்கேனில் கொழுப்பு இன்னும் கூடியிருந்தது. "இப்படியே விட்டா லிவர் கெட்டுடும் சார்" என்றார் டாக்டரம்மா. பயந்துவிட்டேன். நேராகக் குன்றத்தூர் மலைக்குப் போய், படியில் உட்கார்ந்து அழுதேன். "மானம் போனா போகட்டும், ஒரு வழி காட்டு" என்றேன். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை மனைவி கையில் கொடுத்தேன்.

மறுநாள் அவளும் டாக்டரிடம் வந்தாள்.

"இவரு குடிக்கவே மாட்டாரு டாக்டர். விரதம் இருப்பாரு."

"விரதத்துல என்ன சாப்பிடுவாரு?"

"சோத்தைத் தொட மாட்டாரு. காலைல ரவா கேசரி, மத்தியானம் பூரி, சாயந்திரம் போண்டா, ராத்திரி சேமியா பாயசம். எல்லாம் வனஸ்பதிலதான்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மைதா, ரவை, சர்க்கரை எல்லாம் அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பாகத் தங்கும், வனஸ்பதி அதை இன்னும் கெடுக்கும் என்று விளக்கினார். சோற்றை விட்டுவிட்டால் போதும், அதுதான் விரதம் என்று இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு கேள்விதான் முருகன் எனக்குக் காட்டிய வழி.

இப்போது விரதமென்றால் சுண்டல், கீரை, கொஞ்சம் கேழ்வரகுக் கூழ். தாளிக்க மட்டும் நல்லெண்ணெய். காலையில் செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கிறேன். ஒரு வருடத்தில் கல்லீரல் சரியாகிவிட்டது.

அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு சேகர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் கேலி செய்யவில்லை. "இத்தனை நாளா தனியாவா பயந்துகினு இருந்தீங்க மாமா? சொல்லியிருந்தா நான் கூட வந்திருப்பேனே" என்றான். அவன் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அடியார்களே, மறைப்பதற்கு அவன் துணையைக் கேட்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி அழுங்கள், கைவிட மாட்டான். குடிக்காதவன் என்று நான் இப்போது பெருமை பேசுவதில்லை. யாராவது கேட்டால், திருந்திய சாப்பாட்டு ராமன் என்கிறேன்.