லெஸிம் வரிசையில் கடைசி இடம்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா முகத்துக்கு நேராவே சிரிக்கிற ஆளுங்க நான். கோவில்பட்டியில சுடுகாட்டை ஒட்டின ரோட்டுலதான் டியூஷனுக்கே போய் வந்தேன், ஒரு நாள் பயந்ததில்ல. அதனால இப்ப நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோபம் வராது. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க, அவ்ளோதான்.

எம்.எஸ்சி படிக்கப் புனே போயிருந்தேன். போபோடியில ஒரு சந்துல மாடி ரூம். போன புதுசுலயே டெங்கு வந்து பத்து நாள் சுருண்டு கிடந்தேன், அப்ப கீழ் வீட்டு சுனிதா தாயிதான் (தாயின்னா அங்க அக்கான்னு அர்த்தம்) கிச்சடி செஞ்சு கொண்டு வந்து, நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்து, ஊட்டாத குறையா என்னைத் தேத்தி விட்டாங்க. அப்பேர்ப்பட்ட மனுஷி பிள்ளையார் ஊர்வலத்துக்கு ஆட ஒரு ஆள் குறையுதுன்னு வந்து நின்னா எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?

ஆனா ஆட்டம்னாலே ஓடி ஒளியிற ஆளு நான். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவுல ஸ்டெப் மறந்து மேடை நடுவுல அப்படியே நின்னுட்டேன், மொத்தப் பள்ளிக்கூடமும் சிரிச்சுது. அதுக்கப்புறம் கல்யாண வீட்டுல கூட நான் கால அசைச்சதில்ல. இங்க இன்னும் மோசம். அந்தச் சந்துப் பொம்பளைங்க தனியா வரிசை கட்டுறது அதுதான் மொத தடவை, தெரு முக்கு வரைக்கும் தாங்க மாட்டாங்கன்னு ஆம்பளைங்க கேலி பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் ஒருத்தி நின்னா வரிசையே குலையும், சுனிதா தாயி மானம் கப்பலேறிடும்.

ஆட வேண்டியது லெஸிம். லெஸிம்னா மரக் கைப்பிடியில சங்கிலியும் சின்னச் சின்னத் தகடும் கோத்திருக்கும், இழுத்து விட்டா ஜல்லுன்னு சத்தம் வரும். அதை ஆட்டிக்கிட்டே உக்காந்து எந்திரிச்சு, திரும்பி, ஜோடி ஜோடியா ஆடணும். என்னைக் கடைசியில நிறுத்தினாங்க. என் ஜோடி ஒல்லியா ஒரு பொம்பள, பச்சைப் புடவை. பேரு கூட நான் கேக்கல, எனக்கு மராட்டி வந்தாத்தானே! தினமும் பழகுறப்ப, சாயங்காலம் அஞ்சு மணி வெயில்ல, நல்ல வெளிச்சத்துலங்க, அந்தம்மா என் பக்கத்துலயே ஆடுவாங்க. நான் தப்புப் பண்ணினா முழங்கையால இடது பக்கம் லேசா ஒரு இடி. உக்காந்து எந்திரிக்கும்போது அவங்க மட்டும் அரை ஸ்டெப் கூடுதலா வைப்பாங்க, அது பாக்க அவ்வளவு அழகா இருக்கும். எட்டு நாள்ல எனக்கே ஆட்டம் வந்துருச்சு, நம்புனா நம்புங்க.

ஊர்வலத்தன்னிக்கு மத்தியானம், கூட்டத்தைப் பாத்ததும் பழையபடி காலு ரெண்டும் கல்லாயிருச்சு. போச்சுடான்னு நினைக்கிறதுக்குள்ள இடது பக்கம் நல்லா ஒரு இடி விழுந்துச்சு. காலு தானா எந்திரிச்சுது. அப்புறம் மூணு மணி நேரம் நான் நிக்கவே இல்லங்க. கேலி பேசினவங்களே கடைசியில விசில் அடிச்சாங்க. எனக்குன்னா அழுகையா வந்துச்சு, சந்தோஷத்துல.

முடிஞ்சதும் சுனிதா தாயிகிட்ட ஓடி, என் ஓட்டை ஹிந்தியில, "என் ஜோடி எங்க தாயி? அவங்க மட்டும் இல்லன்னா நான் தொலைஞ்சிருப்பேன்"னு சொன்னேன்.

"உனக்கு ஏது ஜோடி?"ன்னாங்க. "மொத நாளே சொன்னேனே. உன் பக்கத்து இடம் என் தங்கச்சி மந்தாவோடது, போன வருஷம் ஊர்வலத்துக்குன்னு பழக ஆரம்பிச்சப்ப அவதான் அங்க ஆடினா. போன மழையில காய்ச்சல்ல போயிட்டா. ஒரு வருஷத்துக்கு அந்த இடத்துல யாரும் ஆட மாட்டோம், காலியா விடணும்னு சொன்னேன், நீயும் தலையாட்டினியே."

ஆட்டியிருப்பேன். யாரு மராட்டியில என்ன சொன்னாலும் 'ஹோ, ஹோ'ன்னு ஆமாம் போட்டுட்டுப் போறதுதான் அப்ப என் வழக்கம். நான் பச்சைப் புடவையச் சொன்னேன், இடது பக்க இடியச் சொன்னேன். அந்த அரை ஸ்டெப்பை ஆடியே காட்டினேன். அவங்க அப்படியே ரோட்டுலயே உக்காந்துட்டாங்க.

"நான் தினமும் கூப்பிட்டேனே, அவ என்கிட்ட வரலையே. நேத்து வந்த உன்கிட்டயா வந்தா?"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. என்னவோ நான் அவங்ககிட்டருந்து எதையோ பறிச்சுக்கிட்ட மாதிரி எனக்குக் குறுகிப்போச்சு. கையப் பிடிச்சுக்கிட்டேன். அழுகைக்கு நடுவுல, "ஏதாவது பேசினாளா?"ன்னு கேட்டாங்க.

பேசினாங்க. ஊர்வலம் ஆத்துப் பாலத்துப் பக்கம் திரும்பும்போது, என் காதுகிட்ட வந்து, சிரிச்ச முகமா நீளமா என்னமோ சொன்னாங்க. மேளச் சத்தத்துல எனக்குக் கடைசி ரெண்டு வார்த்தைதான் நின்னுச்சு. "யேஷீல் னா?" அதைச் சொன்னதும் சுனிதா தாயி அழுகைய நிறுத்திட்டு என் முகத்தையே பாத்தாங்க. "வருவேல்ல?"ன்னு கேட்டிருக்கா, அடுத்த வருஷம் ஆட வருவியான்னுதான் இருக்கும், வேற ஒண்ணுமில்லன்னாங்க. சொல்லிட்டு என் நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க, எனக்குக் காய்ச்சலே இல்ல.

அதுக்கு முன்னாடி மந்தா என்ன சொன்னாங்க, எங்க வரச் சொன்னாங்கன்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வர மாட்டேங்குது. நான் ரெண்டு தடவை ஹோன்னு சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.