அம்மா வீட்டில் நின்றுவிடும் இருமல்

வள்ளிக் கும்மி ஒத்திகையில்தான் என் மூச்சு முதன்முதலாக என்னைக் கைவிட்டது. ஆடி மாதச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அடவு மறக்கவில்லை, கால் வலிக்கவில்லை. குனிந்து கைதட்டி நிமிர்ந்தால் நெஞ்சுக்குள் காற்று இறங்கவே மாட்டேன் என்கிறது. அரங்கேற்றத்தில் முன்வரிசையில் ஆட வேண்டியவள், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான்.

பிறகு வறட்டு இருமல், மாலையானால் காய்ச்சல். காசநோய் இல்லை என்று சளிப் பரிசோதனை சொன்னது. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் (வாய்வழி உறிஞ்சும் மருந்து) கொடுத்தார்கள். தொண்டாமுத்தூரில் மலைக்காற்றுக்குப் பஞ்சமில்லை. அது ஆகாதென்று ஜன்னலைச் சாத்தி, போர்த்திக்கொண்டு படுக்கையறையிலேயே கிடந்தேன். கிடக்கக் கிடக்க மோசமானது. அரங்கேற்றம் நான் இல்லாமலே நடந்து முடிந்தது.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. வெள்ளகோவிலில் என் அம்மா வீட்டுக்குப் போனால் சில நாட்களில் இருமல் அடங்கிவிடும். திரும்பி வந்தால் மறுபடி தொடங்கிவிடும். என் கணவருக்குக் கேலி பேச இது போதாதா?

"ஏன் அம்மணி, பொறந்த ஊட்டுக்குப் போறப்ப இருமலை மட்டும் இங்கயே உட்டுப்போட்டுப் போயிர்றியா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கேட்டுக் கேட்டு, நான்தான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் இருமலைவிடக் கொடுமை.

கோவையில் நுரையீரல் மருத்துவரிடம் போனபோதும் என் கணவர் அதையே எடுத்துவிட்டார். "வெள்ளகோயில் பஸ் ஏறுனா இவளுக்கு எல்லாஞ் சரியாப் போகுதுங்க டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "அதை இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் சொன்னார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஊட்டுல புறா, கோழி ஏதாச்சும் இருக்குதுங்களா? ஈரச் சுவரு?"

"ஒண்ணுமில்லீங்க. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கறமுங்க."

"பீரோவுக்குப் பின்னால அடிச்சீங்களா?"

இல்லை என்று இருவரும் தலையாட்டினோம்.

அது என் அம்மா சீராகக் கொடுத்த தேக்கு பீரோ. கனம் அதிகம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சுற்றியே வெள்ளையடிப்போம். அன்று வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அவர் நகர்த்தினார். சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம், ஆள் உயரத்துக்கு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு விரிசல் விட்டு, மழைத்தண்ணீர் அந்தச் சுவரிலேயே இறங்கியிருக்கிறது. என் தலைமாடும் அதே சுவரோரம்தான்.

"உங்கம்மா ஊட்டுச் சீருதான் மறைச்சு வெச்சிருக்குது" என்றார், மெதுவாக.

"ஒழுகுனது உங்க ஊட்டுக் கூரைதானுங்க மாமா" என்றேன். சிரித்தேன், சிரிப்பு இருமலாக மாறியது. அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கோ மனசு லேசானது. நான் நடிக்கவில்லை.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உறுதிப்படுத்தின. அதியுணர்வு நுரையீரல் அழற்சி (மூச்சோடு போகும் பூசணத் தூளை எதிர்த்து நுரையீரல் வீங்கிப் புண்ணாவது). அதே காற்றைத் தொடர்ந்து சுவாசித்தால் புண் தழும்பாகிவிடும், தழும்பானால் திரும்பாது என்றார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார். வீடு சரியாகும்வரை அங்கே தங்கக் கூடாது என்றும் சொன்னார். இந்தத் தடவை என் கணவரே என்னை வெள்ளகோவிலில் கொண்டுபோய் விட்டார்.

விட்டுத் திரும்பிய கையோடு சுத்தியலை எடுத்து சீட்டுகளை உடைக்கக் கிளம்பியிருக்கிறார். ஃபோனில் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மா அதைப் பற்றித்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"உடைச்சுப் போடாதீங்க மாமா. என் நெஞ்சு போதாதுன்னு உங்க நெஞ்சையும் கெடுத்துக்கப் போறீங்களா?"

உங்கள் வீட்டிலும் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கலாம். சேதமில்லாமல் சும்மா கிடக்கும் சீட்டைக் கண்டு பதற வேண்டாம். உடைத்தால், அறுத்தால், துளையிட்டால்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். நுரையீரலுக்குள் போனவை அங்கேயே தங்கி, பல வருடம் கழித்துக்கூட நோயாக வரலாம். எங்கள் வீட்டில் வேலை தெரிந்தவர்கள் தக்க முகக்கவசத்தோடு சீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் இறக்கிப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அப்புறப்படுத்தினார்கள். பூசணம் பிடித்த பூச்சையும் ஈரமாக்கித்தான் சுரண்டினார்கள். பூசணத்தின் மேல் வெள்ளையடிப்பது வைத்தியம் அல்ல. முதலில் ஒழுகலை நிறுத்துங்கள்.

மாத்திரையால் முகம் பூரி மாதிரி உப்பியது, பசி ஊரைத் தின்றது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பிறகு ஊதிப் பார்க்கும் சோதனையில் (நுரையீரலின் திறனை அளப்பது) டாக்டரம்மா முகம் மலர்ந்தது. "தழும்பு விழலீங்க. போய் ஆடுங்க."

அடுத்த ஆடி வந்தது. அதே சாரல். புதுக் கூரைக்குக் கீழே, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன். பீரோ இப்போது சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறது.

கோயில் மைதானத்தில் முன்வரிசையில் நின்றேன். முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை ஒரு அடவு விடாமல் ஆடினேன். முன்பெல்லாம் ஆட்டம் எப்போது முடிந்ததென்றே தெரியாது. இன்று ஒவ்வொரு நிமிர்விலும் காற்று உள்ளே இறங்குவதை உணர்ந்தேன். ஆட்டம் அவ்வளவு நீளமாகவும் போதாததாகவும் இருந்தது.

முடிந்ததும் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மூச்சு வாங்குதா அம்மணி?"

கூட ஆடியவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பெண்களும் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாங்குதுங்க மாமா. எல்லாருக்கும் வாங்கற மாதிரிதான்."